நான்கு தொடர் தங்கம்: முதல் வீரர் ஆல் ஓர்ட்டர்

ஒலிம்பிக் தடகளத்தில் ஒரே போட்டியைத் தொடர்ந்து நான்கு முறை வென்ற முதல் வீரர் கார்ல் லூயிஸ்தான் என்று ஒருவர் பதிவு எழுதியிருக்கிறார், அதைப் பலரும் பகிர்ந்திருக்கிறார்கள். அது சரியில்லைங்க. லூயிஸ் நீளம் தாண்டுதலில் 1984 முதல் 1996 வரை நான்கு தங்கம் வென்றது உண்மைதான், பெரிய சாதனைதான். ஆனால் அவருக்கு முன்பே அமெரிக்காவின் ஆல் ஓர்ட்டர் வட்டு எறிதலில் 1956 மெல்பர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ சிட்டி என நான்கையும் வென்றுவிட்டார், அதுவும் ஒவ்வொரு முறையும் புதிய ஒலிம்பிக் சாதனையோடு. டோக்கியோவில் விலா எலும்புப் பக்கம் குருத்தெலும்பு கிழிந்த நிலையில், கட்டுப் போட்டுக்கொண்டு வந்து, ஐந்தாவது வீச்சில் 61.00 மீட்டர் எறிந்த மனிதர் அவர்! இவரை விட்டுவிட்டு இந்த வரலாற்றை எப்படிச் சொல்வது?

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வ தளத்தில் அந்த நான்கு ஆண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, தடகளம், அப்புறம் ஆண்கள் வட்டு எறிதல் என்று போனால் முதலிடத்தில் அவர் பெயர்தான் இருக்கும். எழுதியவர் அந்தப் பதிவைத் திருத்திவிட்டால் நல்லது.