அலாபோயை விட்டுவிட்டீர்களே!

அசாமை ஆண்ட அகோம் அரசின் தளபதி லச்சித் போர்புகனைப் பற்றிய உங்கள் கட்டுரைக்கு நன்றி. ஆனால் 1671இல் மொகலாயர்களை அவர் வென்ற சராய்காட் போரை மட்டும் எழுதி, அதற்கு முந்தைய பெருந்தோல்வியை விட்டுவிட்டீர்களே. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

1669, அலாபோய் சமவெளி. திறந்தவெளியில் மொகலாயக் குதிரைப்படையோடு மோத லச்சித்துக்கு விருப்பமே இல்லை. மன்னர் சக்ரத்வஜ சிங்கா வற்புறுத்தினார். சுமார் 10,000 அகோம் வீரர்கள் மாண்டார்கள். அந்த இழப்பைச் சுமந்துகொண்டுதான் மனிதர் மறுபடி எழுந்து நின்றார்!

குவாஹாத்தியைச் சுற்றி ஏற்கெனவே எழுப்பியிருந்த மண் அரண்கள் நிலவழியை அடைத்துவிட்டன. மொகலாயத் தளபதி ராம் சிங்கின் படைக்கு மிஞ்சியது ஆற்றுவழிதான். சராய்காட்டில் பிரம்மபுத்திரா சுமார் ஒரு கிலோமீட்டராகக் குறுகிவிடும். பெரிய போர்க்கப்பல்கள் திரும்பத் திணறும் அந்த இடத்தில், அகோம்களின் சின்னப் படகுகள் புகுந்து விளையாடின.

அன்று லச்சித் கடும் நோயில் படுத்திருந்தார். தம் படகுகள் பின்வாங்குவதைப் பார்த்ததும், தம்மைத் தூக்கிப் படகில் ஏற்றச் சொல்லி, ஏழே படகுகளோடு மொகலாயக் கடற்படையை நோக்கிப் போனார். ஓடியவர்கள் அதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் கண் கலங்கிவிடும்.

அடுத்த ஆண்டே அவர் காலமாகிவிட்டார். ஜோர்ஹாட் பக்கத்தில் அவருடைய மைதாம் (அகோம்களின் சமாதி மேடு) இருக்கிறது. அதன் படத்தையும் கட்டுரையில் சேருங்கள்.