தொப்பி அணிந்து அமர்ந்த குற்றத்துக்கு

சென்ற வியாழக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் என்ன நடந்தது என்பது இங்குள்ள பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால், அதை மீண்டும் விவரிக்கப் போவதில்லை. கம்பளித் தொப்பியும் போர்வையுமாக நான் அமர்ந்திருந்த காட்சியைத் திரையிலிருந்து படமெடுத்து, “ஹீட்டருக்குக் கட்டணம் கட்டவில்லையா?” என்று அதன்மேல் எழுதிக் குழுவில் பகிர்ந்த நண்பர், அது வெறும் வேடிக்கை என்று இப்போது சொல்கிறார். வேடிக்கை என்றே வைத்துக்கொள்வோம். கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன் என்பதையும், அதைக் கட்ட முடிகிற அளவில் வைத்திருப்பதே அந்தத் தொப்பிதான் என்பதையும் மட்டும் பதிவு செய்ய விரும்புகிறேன். (மட்டும் என்றுதான் தொடங்கினேன், நீண்டுவிட்டது, பொறுத்தருள்க.)

நான் சொல்ல வருவது ஒன்றுதான். குளிர்வது நமக்கு, நாற்காலிக்கும் அலமாரிக்கும் கூரைக்கும் குளிர்வதில்லை. எனவே முதலில் சூடாக வேண்டியவர் மனிதர், அறை பிறகு. கோடையில் நாம் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, அதன் எதிரே இருப்பவரை மட்டுமே குளிர்விக்கிறது. அதை ஆளை நோக்கித் திருப்பி வைத்துக்கொள்பவரை யாரும் கருமி என்று சொல்வதில்லை. அதே அறிவைக் குளிர்காலத்தில் பயன்படுத்தினால் மட்டும் அது சிரிப்புக்குரியதாகிவிடுகிறது.

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனித உடல் ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை இடைவிடாமல் வெளியிட்டுக்கொண்டிருக்கிறது. கட்டணமில்லாத இந்த ஹீட்டரின் வெப்பத்தைத் தப்பவிடாமல் வைத்திருப்பதுதான் கம்பளியின் வேலை. அதுவும் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. தன் இழைகளுக்கிடையே அசையாத காற்றைச் சிறைபிடித்து வைக்கிறது, காற்றோ வெப்பத்தை மிக அரிதாகவே கடத்துவது. ஒரே தடித்த உடுப்பைக் காட்டிலும் மெல்லிய இரண்டு உடுப்புகள் பலமுறை கூடுதல் இதமாக இருப்பதற்கும் இடையில் அகப்படும் காற்றே காரணம். உடை தரும் வெப்பக்காப்பை அளப்பதற்கென்றே ‘க்ளோ’ என்ற அலகை 1941ஆம் ஆண்டில் வகுத்தார்கள்: 21 டிகிரி செல்சியஸ் அறையில் வேலையின்றி அமர்ந்திருப்பவருக்கு இதமாக இருக்கும் உடை 1 க்ளோ. ஆக, அன்று நீங்கள் சிரித்தது ஓர் அளவீட்டு அலகைப் பார்த்து என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தனியாக வீடெடுத்து இருந்த முதல் குளிர்காலத்தில் நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். வேலை முடிந்து வந்ததும், அறையின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 30 டிகிரிக்குத் திருப்புவேன். அவ்வாறு செய்தால் அறை விரைவாகச் சூடாகும் என்று மனமார நம்பினேன். பெரும்பாலான வீடுகளில் உள்ள தெர்மோஸ்டாட் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைத்தான் ஹீட்டருக்குச் சொல்கிறது, எவ்வளவு வேகமாக என்பதை அன்று. நான் அதைத் திரும்பக் குறைக்க மறந்து தூங்கிப்போன இரவுகள் பல. அந்த மாதத்துக் கட்டணம் என் சம்பளத்தில் கால் பங்கு. கட்டணச் சீட்டைப் பிரித்தவன் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், ஏதோ எண் மாறி அச்சாகியிருக்கிறது என்றே வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் வீட்டைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கினேன். காற்றடிக்கும் நாளொன்றில் புறங்கையை ஈரமாக்கிக்கொண்டு கதவுகளின் ஓரமாகவும் ஜன்னல் சட்டங்களின் ஓரமாகவும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள்; காற்று நுழையும் இடத்தை அது உடனே காட்டிக்கொடுக்கும். என் வாசற்கதவின் அடியில் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. அற்பம் என்று தோன்றும். 90 சென்டிமீட்டர் அகலக் கதவில் அது 27 சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியே நுழையக்கூடிய ஓட்டையைச் சுவரில் போட்டுவிட்டு, குளிர்காலம் முழுவதும் அடைக்காமல் விட்டதற்குச் சமம். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒரு ரப்பர் பட்டையும் சுருட்டி வைத்த பழைய துண்டும் அந்த ஓட்டையை அடைத்தன. பொழுது சாயும்போதே திரைச்சீலைகளை இழுத்து மூடவும், பகலில் வெயில் விழும் ஜன்னலின் திரையைத் திறந்துவைக்கவும், அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரை மறைத்து நின்ற சோபாவை நகர்த்தவும் அந்தக் குளிர்காலத்தில்தான் கற்றுக்கொண்டேன். அறையின் காற்று 22 டிகிரியில் இருந்தும் ஜன்னலருகே உட்கார்ந்தவருக்கு நடுங்குகிறது என்றால், குளிர்ந்த கண்ணாடி அவருடைய உடல் வெப்பத்தை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தெர்மோஸ்டாட்டைத் திருப்புவதற்கு முன் நாற்காலியைத் திருப்பிப் போடலாம்.

“நாள் முழுவதும் ஹீட்டர் குறைவாக எரிந்துகொண்டே இருந்தால்தான் செலவு குறையும், இதுகூடவா தெரியாது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும் ஐயா, அது பெரும்பாலும் தவறு என்பதும் தெரியும். வீடு இழக்கும் வெப்பம் உள்ளுக்கும் வெளிக்குமான வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. வெளியே 2 டிகிரி, உள்ளே 22 என்றால் வேறுபாடு 20. உள்ளே 19 ஆக்கினால் 17. வெப்ப இழப்பு 15 சதவீதம் குறைந்துவிட்டது. ஆளில்லாத வீட்டைச் சூடாக வைத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தெருவுக்குத்தான் போகிறது. வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைத்துத் தரும் ஹீட் பம்ப் பொருத்திய வீடுகளுக்கு இந்தக் கணக்கு மாறலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்; கேட்டவரிடம் இருப்பது அதுவன்று.

“வீட்டுக்குள் தொப்பியா?” என்பவர்களுக்கு: ஆம்.

“எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன்” என்று எழுதியவருக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 1500 வாட் ஹீட்டர் நான்கு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 6 யூனிட். ஏறத்தாழ 100 வாட் கொண்ட மின்போர்வை அதே நான்கு மணி நேரத்துக்கு 0.4 யூனிட், பதினைந்தில் ஒரு பங்கு. இரண்டிலும் எனக்குக் கிடைக்கும் இதம் ஒன்றுதான். அப்படியிருக்க, மிச்சப் பதினான்கு பங்கைக் கூரைக்குத் தானம் செய்தால்தான் நான் தாராள மனம் படைத்தவன் ஆவேனா?

ஒரு மறுப்பை மட்டும் என்னால் இப்படித் தள்ளிவிட முடியவில்லை. முதியோர் உள்ள வீட்டில் இந்தப் பேச்சு ஆபத்தானது என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். குளிர்கால வீட்டுக்கு 18 டிகிரியை உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டின் வழிகாட்டுதலில் பரிந்துரைத்தது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் கூறியது. மாமனார் எங்களுடன் தங்கியிருந்தபோது நான் பெருமையாக 17இல் வைத்திருந்தேன். கேட்ட போதெல்லாம் “எனக்கொன்றும் குளிரவில்லை மாப்பிள்ளை” என்பார். ஒருநாள் காலையில் கண்ணாடியை எடுத்துக் கொடுக்கும்போது அவர் விரல்களைத் தொட்டேன். நகங்கள் நீலம் பாரித்திருந்தன. வயதானால் குளிரை உணரும் திறனே மங்கிவிடும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்றிலிருந்து அவர் இருக்கும் வரை 21க்குக் கீழே இறக்கவில்லை, கட்டணத்தைப் பற்றி வாய் திறக்கவும் இல்லை. எனவே சகோதரி சொல்வது சரி. அதேபோல, ஓட்டைகளை அடைக்கச் சொன்னேனே தவிர, கரியோ எரிவாயுவோ எரியும் அறையின் காற்றுத் துவாரங்களை அடைக்கச் சொல்லவே இல்லை. கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் வந்து ஆளைக் கொல்லும். நாளுக்கு இரண்டு முறை சில நிமிடங்கள் ஜன்னல்களை அகலத் திறந்து மூடுவதும் அவசியம், இல்லாவிட்டால் ஈரம் தங்கிச் சுவர் பூஞ்சை பிடித்துவிடும்.

இவ்வளவையும் எழுதிய பிறகு, வலித்தது வெப்பக் கணக்கு பற்றிய சிரிப்பு இல்லை என்று தெரிகிறது. “கட்டணம் கட்டவில்லையா?” என்பது என்னைப் பொறுத்தவரை பொய்யான கேள்வி. அந்தக் கூட்டத்தில் இருந்த முப்பது பேரில் யாரேனும் ஒருவருக்கு அது உண்மையான கேள்வியாக இருந்திருக்கலாம். அவர் அன்று தன் கேமராவை அணைத்து வைத்திருப்பார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எந்த நடுக்கத்திலும் தொப்பியோடு கேமரா முன் வர மாட்டார். விரல் விறைக்க மெல்லிய சட்டையோடு உட்கார்ந்திருப்பார், அல்லது தாங்காத கடனுக்கு ஹீட்டரை எரிப்பார். நண்பர்களே, இது எப்படி வேடிக்கையாகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

படத்தை நீக்கச் சொல்லி வெள்ளிக்கிழமை காலை தனிச்செய்தியில் கேட்டிருந்தேன். “பார்க்கலாம்” என்று பதில் வந்தது, கூடவே ஒரு பனிமனிதன் பொம்மையும் வந்தது. இதை எழுதி முடிக்கும் இந்த நேரம் வரை படம் குழுவில் அப்படியேதான் இருக்கிறது.