ஹோனௌனௌ வெறும் இடிபாடு அல்ல

ஹவாய்த் தீவில் உள்ள பழைய புனிதத் தலமான ஹோனௌனௌ பற்றி, "1819-லேயே பழைய மதம் ஒழிந்துவிட்டது, இப்போது வெறும் இடிபாடுதான், மதில்மேல் ஏறிப் படம் எடுக்கலாம், கல் அடுக்கிவிட்டு வரலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆண்டு சரி, மீதி தவறு.

அந்த ஆண்டு 'கபு' என்ற விலக்குச் சட்டத்தை அரச குடும்பமே முடித்துவைத்தது. அதோடு மக்களின் பக்தி போய்விடவில்லை. கபுவை மீறியவர்கள் உயிர் தப்ப ஓடிவந்து சேர்ந்த புகலிடம் இது. இங்குள்ள ஹாலே ஓ கேயாவே ஆலயத்தில் 23 தலைவர்களின் எலும்புகள் இருந்தன. அவை இன்று அங்கே இல்லை, கட்டடமும் திரும்பக் கட்டியதுதான். ஆனாலும் ஹவாய் மக்கள் இன்றும் வந்து படையல் வைக்கிறார்கள். இலையில் சுற்றிய எதையாவது பார்த்தால் தயவுசெய்து தொடாதீர்கள்.

மதிலைக் கிட்டப்போய்ப் பாருங்கள். சாந்தே கிடையாது. 12 அடி உயரம் வரை எரிமலைக் கல்லைக் கல்லோடு பொருத்தியே எழுப்பியிருக்கிறார்கள். காலை வைத்தால் கல் நகரும், அப்புறம் பக்கத்துக் கல்லும் நகரும். நாம் பொழுதுபோக்காக அடுக்கும் கல்லும் அங்கிருந்து பெயர்த்ததாகத்தானே இருக்கும்? அது படையல் ஆகாது. மதிலை ஒட்டி, தலைவர்கள் வாழ்ந்த அரச வளாகத்து மணலில் துண்டு விரித்துப் படுப்பதும் கூடாது.