கக்கனின் கட்டிலும் கக்கனின் மேசையும்

ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூன் 18 அன்று பிறந்த நாளுக்கும் டிசம்பர் 23 அன்று நினைவு நாளுக்கும், கக்கன் அவர்களைப் பற்றி ஒரே செய்திதான் சுற்றுக்கு வருகிறது. அரசியல் பிரமுகர் மதுரை முத்துவின் உடல்நலம் விசாரிக்க வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர்., அதே மதுரை அரசு மருத்துவமனையின் பொது வார்டில் முன்னாள் காங்கிரஸ் அமைச்சர் கக்கன் கிடப்பதைக் கேள்விப்பட்டுப் பதறிப்போய்ச் சென்று பார்த்தார் என்பது அது. (சில பதிவுகளில் கட்டிலும் காணாமல் போய், அவர் தரைக்கு வந்துவிடுகிறார்.) அந்தச் சந்திப்பை நான் மறுக்கவில்லை. பத்தாண்டுகள் அமைச்சராக இருந்த ஒருவரைப் பற்றி நாம் எடுத்துச் சொல்வதற்கு அவருடைய வறுமை மட்டுமே மிஞ்சியிருப்பதுதான் என்னை உறுத்துகிறது.

மேலூர் வட்டம் தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்த கக்கன், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ்காரர் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுவரை தங்களை அனுமதிக்காத மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்த ஒடுக்கப்பட்ட மக்களின் சிறு குழுவில் ஒருவர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை, பின்னர் அரசியல் நிர்ணய சபை, 1952இல் மக்களவை என்று வந்தவரை 1957இல் காமராஜர் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். அவரிடம் அரிசன நலத்துறையை மட்டும் கொடுத்து உட்கார வைத்திருக்கலாம். பொதுப்பணித்துறையையும் சேர்த்துக் கொடுத்தார். ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து வரும் அமைச்சருக்கு எந்தத் துறை போகும் என்பதை, பதவியேற்புப் பட்டியல் வெளிவரும் முன்பே ஊகித்துவிடக்கூடிய நமக்கு, அந்த முடிவின் கனம் புரிய வேண்டும்.

சாத்தனூர், கிருஷ்ணகிரி, வைகை அணைகள் நிறைவடைந்தது அவர் அந்தத் துறையில் இருந்த ஆண்டுகளில்தான். அவை அவர் ஒருவரின் சாதனை என்று சொன்னால் அதுவும் பொய்யான புகழ்ச்சியே. திட்டங்கள் முன்பே தொடங்கியவை, உழைத்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் ஏராளம். ஆனாலும் முல்லைப் பெரியாற்றிலிருந்து வரும் நீரைத் தேக்கி முறைப்படுத்தி அனுப்ப 1959இல் வைகை அணை வந்ததென்பது, பெரியாறு கால்வாயின் கடைமடையில் மடைதிறப்புக்காகக் காத்திருக்கும் மேலூர்க்காரர்களுக்குச் சாதாரணச் செய்தியாக இருந்திருக்காது. அந்த மண்ணிலிருந்தே வந்தவர் அப்போது துறையின் அமைச்சர். இதை எழுத ஏனோ யாருக்கும் கை வருவதில்லை.

1962இல் வேளாண்மை, 1963 அக்டோபரில் உள்துறை. பிறப்பின் பெயரால் கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட மக்களில் ஒருவருடைய பொறுப்பில் மாநிலக் காவல்துறை வந்ததைப் பெருமையோடு சொல்லும்போது, 1965ஐத் தாண்டிச் சென்றுவிட முடியாது. இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரன் சுடப்பட்டு இறந்தபோதும், அடுத்த மாதம் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோதும் உள்துறை அமைச்சர் கக்கன்தான். முடிவுகளின் கடிவாளம் முதலமைச்சர் பக்தவத்சலத்தின் கையில் இருந்தது என்பார்கள். இருக்கலாம், ஆனால் பதவியில் இருந்தவருக்குப் பொறுப்பும் இருந்தது. கைசுத்தமானவர் என்பதாலேயே அவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது, அவரை அரசியல்வாதியாகவே மதிக்காததற்குச் சமம்.

1967இல் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி.ராமனிடம் தோற்றார். அந்தத் தேர்தலில் காமராஜரும் பக்தவத்சலமும்கூடத் தோற்றார்கள். அதன்பின் வந்த எளிய வாழ்வைத்தான் எல்லாக் கட்சிக்காரர்களும் இன்று மேடையில் போற்றுகிறார்கள். யாருக்கும் சங்கடம் தராத கக்கன் அவர். அணையின் கணக்கும் துப்பாக்கிச் சூட்டின் கணக்கும் சேர்ந்த கக்கனைப் பேசினால், இன்றைய அமைச்சர்களின் கோப்புகளையும் அதே போலப் பிரித்துப் பார்க்க வேண்டி வரும்.

1957 முதல் 1967 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் அச்சில் இருக்கின்றன. வரும் டிசம்பரில் மருத்துவமனைக் கதைக்குப் பதிலாக, மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் அவர் சொன்ன ஒரு பதிலை யாராவது படியெடுத்துப் போட்டால், முதல் ஆளாக நான் பகிர்கிறேன்.