கூட வந்தவன்

"சும்மா கூட வாடா மச்சான், சாப்ட்டு வந்துர்லாம்"னு சொல்றவனை மட்டும் நம்பாதீங்க. என் ஃபிரண்டு துரை அப்படித்தான் கூட்டிட்டுப் போனான். தண்டையார்பேட்டையில அவன் ஆபீஸ்காரர் வீட்டு ரிசப்ஷன். எனக்குப் பொண்ணும் தெரியாது, மாப்பிள்ளையும் தெரியாது. 2021-ல நம்ம பக்கம் நீட்டின மெட்ரோ புண்ணியத்துல ஜாலியாத்தான் போய் இறங்கினோம். வாசல்ல பன்னீர் தெளிச்சு, கல்கண்டு எடுக்கிற வரைக்கும் கூடவே இருந்தான். அப்புறம் ஆளைக் காணோம்.

பக்கத்து நாற்காலி பெரியவர் ஆரம்பிச்சார். "தம்பி பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"ஃபிரண்டோட ஃபிரண்டுங்க."

மேலயும் கீழயும் ஒரு பார்வை. ஓசிச் சோறுன்னு முடிவே பண்ணிட்டார். இத்தனைக்கும் பாக்கெட்ல ஒத்த ரூபா காசு ஒட்டின கவர்ல 501 ரூபா மொய் வெச்சிருக்கேன். அதை எடுத்து விசிறிக்கவா முடியும்?

பந்தி அதுக்கும் மேல. சாப்பிடறவங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னு இடம் புடிக்கணும். மோருக்கு வந்தவங்களாப் பார்த்து நிக்கறது ஒரு கலை. நான் நின்ன அக்கா மோர்தான் ஊத்தியிருந்தாங்க, நம்பி நின்னேன். திடீர்னு பரிமாறுறவரைக் கூப்பிட்டு, "கொஞ்சம் ரசம் ஊத்துப்பா"ன்னாங்க பாருங்க! பக்கத்து வரிசையில எல்லாம் இலையை மூடிட்டு எழுந்துட்டாங்க.

கிளம்புறப்போ துரை வந்தான். என் கையில இருந்த தாம்பூலப் பையைப் பார்த்து, "இத்த அம்மாக்குக் குடுத்துர்றேன் மச்சான், தேங்கா இல்ல வூட்ல"ன்னு வாங்கிக்கிட்டான். அவன் கையில ஏற்கெனவே ரெண்டு பை இருந்துச்சு.