அந்தக் கடிகாரம் பழுதாகவில்லை

கேம்பிரிட்ஜில் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிச் சுவரில், மேலே வெட்டுக்கிளி ஊரும் அந்தத் தங்கநிறக் கடிகாரம் பழுதாகித் தடுமாறுவதாக இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். வீடியோவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் அது பழுதல்ல, வடிவமைப்பே அப்படி. 2008இல் திறக்கப்பட்ட இதை உருவாக்கிய ஜான் டெய்லர், பெண்டுலம் அவ்வப்போது தயங்கி நின்று, அப்புறம் விரைந்தோடி ஈடுகட்டும்படி வேண்டுமென்றே அமைத்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் நேரம் துல்லியமாக இருக்கும். எனக்கு அதன் அழகே அந்தத் தயக்கம்தான்.

வெட்டாத நீண்ட வீடியோ ஒன்றை எடுத்து, பக்கத்தில் ஃபோன் கடிகாரத்தை ஓடவிட்டுப் பத்து நிமிடம் ஒப்பிடுங்கள். இடையில் விலகும், ஆனால் பிந்திக்கொண்டே போகாது, திரும்ப வந்து சேர்ந்துவிடும்.