குரூப்ப கொஞ்சம் திறந்து விடுங்க தலைவரே

எங்க ஊராட்சிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்குங்க. அட்மின் மட்டும்தான் மெசேஜ் போட முடியும். தலைவர் ரிப்பன் வெட்டுற போட்டோ, பண்டிகை வாழ்த்து, இரங்கல் போஸ்டர், அவ்ளோதான். ஏப்ரல்ல எங்க தெருவுக்கு மூணு நாள் தண்ணி வரல, மோட்டார் காயில் போயிருச்சுன்னு எனக்கு டீக்கடைலதான் தெரிஞ்சுது, அன்னிக்கு காலைல குரூப்ல வந்தது ஒரு ரோஜாப்பூ குட்மார்னிங்.

புதுச்சேரி பக்கத்துல நல்லவாடுன்னு ஒரு மீனவ கிராமம். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பக்கம் 1998ல இருந்து ஊர் ஊரா தகவல் மையம் வச்சுது, கடல்ல அலை எவ்ளோ உயரம்னு நெட்ல பாத்து குழா ஸ்பீக்கர்ல சொல்லுவாங்க. 2004 டிசம்பர் 26 காலைல, சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்க்காரர் ஒருத்தர் சுனாமி நியூஸ டிவில பாத்துட்டு ஊருக்கு போன் அடிக்க, மையத்த திறந்து அதே ஸ்பீக்கர்ல கத்திருக்காங்க. ஊரே எழுந்து ஓடிருச்சு. வீடு போச்சு, படகு போச்சு, உயிர் ஒண்ணுகூட போகல.

எல்லாரும் அந்த போன் காலத்தான் பெருசா பேசுறாங்க. எனக்கு என்னமோ அந்த ஸ்பீக்கர்தான் பெருசா தெரியுது. தெனம் அலை கணக்கு சொன்ன குழா, அதுல வந்தா உண்மையாதான் இருக்கும்னு சனத்துக்கு பழகிருக்கு. தெனமும் தலைவர் புகழ் பாடுன குழாயா இருந்திருந்தா எவன் ஓடிருப்பான் சொல்லுங்க?

பாம்பன்ல 2016ல இருந்து கடல் ஓசைன்னு மீனவங்களுக்கான சமுதாய வானொலி ஓடுது, 90.4 எஃப்எம். இந்த மாதிரி ரேடியோ பத்து பதினஞ்சு கிலோமீட்டர்தான் எடுக்கும், ஆனா பேசுறது நம்ம பக்கத்து வீட்டு ஆளு, அதுதான் விஷயமே. தெலங்கானா ஜஹீராபாத் பக்கம் 2008ல இருந்து சங்கம் ரேடியோவ தலித் பெண்கள்தான் நடத்துறாங்க. நம்மூர்ல உள்ளாட்சில பாதி சீட்டு பெண்களுக்குன்னு சட்டம் இருக்கு, ஆனா மைக்க வாங்கி பேசுறது அவங்க வீட்டுக்காரரு (உங்க ஊர்லயும் அப்படித்தானே). ரேடியோல தெனம் பேசிப் பழகுன பொம்பளகிட்ட அந்த மைக்க புடுங்க முடியுமா பாருங்க.

இதுல கடுப்பு என்னன்னா சமுதாய வானொலி சொந்தமா செய்தி போடக்கூடாதாம், ஆல் இந்தியா ரேடியோ செய்திய வேணா அப்படியே எடுத்துப் போடலாமாம். டெல்லி நியூஸ் ஓகே, எங்க தெரு நியூஸ் ஆகாது. நல்ல ரூல்ஸ்.

மே 1 கிராம சபைல எந்திரிச்சு கேட்டேன், குரூப்ப எல்லாருக்கும் திறந்து விடுங்கன்னு. "திறந்தா சண்டை வரும் தம்பி"ன்னாரு தலைவர். வரட்டுமேண்ணே, டீக்கடைல வராத சண்டையான்னேன். சிரிச்சுட்டு அடுத்த தீர்மானத்துக்கு போயிட்டாரு. ஆகஸ்ட் 15க்கு மறுபடி கேப்பேன். மோட்டார் இப்ப ஓடுது, அதையும் குரூப்ல யாரும் சொல்லல.